நான்காம் வார்டில் புல் இருக்கிறது

எங்கள் நகராட்சியில் பூங்கா மேற்பார்வையாளராக இருந்தவரை ஊர் முழுக்கப் 'பொட்டல் சார்' என்றுதான் கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பார். பத்தொன்பது வருஷம் கூப்பிட்டால் எந்தப் பட்டமும் சொந்தப் பெயராகிவிடும் போலிருக்கிறது.

பட்டத்துக்குக் காரணம் நான்காம் வார்டுப் பூங்கா. சுற்றுச்சுவர் உண்டு. இரும்புக் கதவு உண்டு. எட்டு சிமெண்டு பெஞ்சுகள் உண்டு. தண்ணீர் வராத குழாய் ஒன்று உண்டு. நடுவில் 'புல்லின் மீது நடக்காதீர்' என்று பலகை உண்டு. புல் மட்டும் இல்லை. புல் வந்தபிறகு பலகை வைத்தால் தாமதமாகிவிடும் என்று எவரோ தொலைநோக்கோடு முன்கூட்டியே நட்டுவிட்டார். பிள்ளைகள் அந்தப் பலகையை ஸ்டம்ப்பாக வைத்துப் பந்து விளையாடினார்கள்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஆறு முறை விதை தூவினார். புறாக்கள் வயிறார வாழ்த்திவிட்டுப் போயின. இரண்டு முறை புல்லைப் பாயாகச் சுருட்டி எடுத்துவந்து விரித்தார். ஒன்பதாம் நாள் அது தவிட்டு நிறமாகி, கையால் இழுத்தால் கம்பளம் போலக் கையோடு வந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பழைய அலுவலகக் கட்டடத்தை இடித்தபோது செங்கல், காரை, ஓடு எல்லாவற்றையும் அங்கே கொட்டி, மேலே ஒரு விரற்கடை மண்ணைத் தூவி, பூங்கா என்று பெயர் வைத்தார்கள். கல்லிலே நார் உரித்தாலும் உரிக்கலாம், காரையிலே புல் முளைக்க வைக்க முடியுமா? மண் வேண்டும் என்று எழுதினார். 'தங்கள் பணி புல் தொடர்பானது. மண் இப்பிரிவில் வராது' என்று பதில் வந்தது. தண்ணீர் கேட்டார். 'புல்லே இல்லாத இடத்துக்குத் தண்ணீர் எதற்கு?' என்று அதற்கும் பதில் வந்தது. அதன்பிறகு மாதா மாதம் 'புல் வளர்ப்புப் பணி நடைபெற்று வருகிறது' என்று ஒரே வரியை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்ப்பவள் நான். அவர் வீட்டு விஷயம் எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவி துணி தைப்பவர். என் உடுப்பெல்லாம் அந்த அக்கா கையில் தைத்ததுதான். அளவு கொடுக்க ஒரு மணி நேரம், அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு போவேன்.

அக்காவின் அண்ணன் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தங்கை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே பொம்மை ரயில். குழந்தைகள் உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. நிஜ ரயிலைத் துவைத்துக் காயப்போட்டபோது சுருங்கிவிட்டது போல, கதவுக் கைப்பிடி, ஜன்னல் கம்பி எல்லாம் அச்சு அசலாக இருக்கும் சங்கதி. தண்டவாளம், ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் இருந்தன. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான பயணிகள் பன்னிரண்டு பேர், பெட்டி படுக்கையோடு நின்றிருந்தார்கள்.

"பாழாப் போகுதே, மாடியில ஒரு பலகை போட்டு வைக்கிறேன்," என்றார் சார்.

அக்கா தையல் அறையில் பாதியை விட்டுக்கொடுத்தார். ஒரு கதவளவு பிளைவுட் பலகை ஏறியது. தண்டவாளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பதித்து முடித்துவிட்டார். ரயிலில் அவருக்கு ஈடுபாடு இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் பலகை தெரிந்ததே, அதுதான் அவரை உறுத்தியது. வேலை செய்யும் இடத்திலும் பொட்டல், வீட்டிலும் பொட்டல் என்றால் மனுஷன் எங்கேதான் போவான்?

முதலில் மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்து ஒட்டினார். அக்கா பார்த்துவிட்டு, "கோழிக்குத் தீவனம் கொட்டி வச்சிருக்கீங்களா?" என்றார். சுரண்டி எடுத்தார். அடுத்து, கடையில் விற்கும் பச்சை விரிப்பை வெட்டி ஒட்டினார். அக்கா அதைத் தடவிப் பார்த்து, "இது குளியலறை வாசல்ல கிடந்ததுதானே?" என்றார். அதையும் பிய்த்தார். ஒட்டின பசையோடு பலகையின் தோலும் உரிந்து வந்தது.

மூன்றாவதாகத்தான் சரியான வழி அகப்பட்டது. இந்த வேலைக்கென்றே நைலான் இழை விற்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர், நாலு, ஆறு என்று பொடிப்பொடியாக நறுக்கியது. பசை தடவிய இடத்தில் அதைச் சும்மா தூவினால் படுத்துக்கொள்ளும். மின்சாரம் ஏற்றித் தூவினால் சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அதற்கான கருவிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லை அவருக்கு. கொசு அடிக்கும் பேட்டைப் பிரித்தார். அதன் ஒரு கம்பியை டீ வடிகட்டியோடு இணைத்தார். இன்னொரு கம்பியை ஓர் ஆணியில் கட்டி, ஆணியை ஈரப் பசைக்குள் குத்தினார். வடிகட்டியில் இழையைப் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு மெல்ல உதறினார்.

முளைத்தது. ஒரு நொடியில், கண்ணெதிரே, உள்ளங்கையளவு இடத்தில் புல் நட்டுக்குத்தலாக எழுந்து நின்றது. பத்தொன்பது வருஷமாகப் புல்லுக்காகக் காத்திருந்த மனுஷன். கண் கலங்கிவிட்டதாம். கலங்கிய கண்ணைத் துடைக்கப் போனவர் கை தவறி வடிகட்டியைத் தொட்டுவிட, 'பட்' என்று ஒரு அடி விழுந்தது. இரண்டடி பின்னால் போய்த் தையல் மெஷின் மேல் உட்கார்ந்தார்.

"கொசுவுக்கு வைக்கிறது உங்களுக்குச் சரியா இருக்கு," என்றார் அக்கா. "அது சரி, டீ எதுல வடிக்கிறது?"

வடிகட்டியோடு நின்றதா? மண்ணைச் சலித்து வறுப்பதற்கு வாணலி மாடிக்குப் போனது. மிஞ்சிய இழையை உறிஞ்சி எடுக்கத் தூசி உறிஞ்சும் மெஷினின் வாயில் அக்காவின் மெல்லிய துணி ஒன்று ஏறியது. முதல் வரிசைப் புல்லின் மேல் இரண்டாம் வரிசை ஒட்டிக்கொள்ள, அக்கா தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே காலியானது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். புல்லுக்கு அந்த வீட்டில் எல்லாமே ஆயுதமாகின.

அக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் கையும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, பள்ளிக்கூடத்துப் பையன் தலை மாதிரி ஒரே உயரமா இருக்கு? வெல்வெட் துணியைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் தடவினா கறுக்கும், இன்னொரு பக்கம் தடவினா வெளுக்கும். பிரஷ்ஷால எதிர்ப்பக்கமாத் தடவி விடுங்க. சில இடத்துல சாயட்டும், சில இடத்துல நிக்கட்டும்," என்றார்.

அவர் தடவினார். புல்லில் காற்று வந்துவிட்டது.

"நீ சொன்னதுதான் சரி," என்றார் சார்.

"நான் சொன்னது எது தப்பாப் போச்சு இத்தனை வருஷத்துல?"

அதற்குப் பிறகு அவர் நிஜப் புல்லைப் பார்க்க ஆரம்பித்தார். வேலை பார்க்கும் பூங்காவில் அது இல்லாததால், பின்சுவருக்கு அப்பால் ரயில் பாதை ஓரமாக யாரும் கேட்பாரற்றுக் கிடந்த துண்டு நிலத்துக்குப் போனார். அங்கே யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, புல் முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அவர் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். புல் பச்சை இல்லை என்று அப்போதுதான் தெரிந்ததாம். அடியில் வைக்கோல் நிறம், நடுவில் மஞ்சள், மேலேதான் பச்சை. அந்தப் பச்சையிலும் நாலு வகை. வேலி ஓரம் உயரம், நடமாடும் இடம் குட்டை, தண்டவாளத்து எண்ணெய் சிந்திய இடம் கருகல்.

வழியே போன ஒருவர் நின்று, "என்ன சார் தேடறீங்க?" என்று கேட்டார்.

"புல்லு."

"ஓ, உங்க பூங்காவுல தொலைச்சீங்களே, அதுவா?"

ஆறு மாதத்தில் அந்தப் பலகை ஒரு நிலமாகிவிட்டது. நான் அளவு கொடுக்கப் போனபோது பார்த்திருக்க வேண்டியது. தையல் அறை நடுவில் திரைத்துணி தொங்கியதால் பார்க்கவில்லை. அக்கா குறை சொன்னதை வைத்து, உள்ளே ஏதோ பொம்மை ரயில் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால்தான் வினையே வந்தது.

எங்கள் தலைமையகம் ஒரு புதிய ஆப் கொண்டுவந்தது. இனி மாத அறிக்கையோடு படம் இணைக்க வேண்டும். படம் இல்லாத அறிக்கை அறிக்கையே இல்லை. சார் பூங்காவுக்குப் போய்ப் பொட்டலை நேர்மையாக ஒரு படம் எடுத்துவந்து, போனை என் மேஜையில் வைத்தார்.

"இந்த ஆப்பு எனக்குப் பிடிபடலைம்மா. நீயே ஒரு படத்தை ஏத்திடு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் வீடு ஊரின் மறுகோடி. பூங்காவை நேரில் பார்த்ததில்லை. போனைத் திறந்தால் ஒரே ஒரு பொட்டல் படம், அதைச் சுற்றி அறுபது எழுபது பச்சைப் படங்கள். காலை வெயில் சாய்வாக விழுந்து, புல் நுனியெல்லாம் மினுமினுத்து, பார்த்தாலே செருப்பைக் கழற்றத் தோன்றும். பொட்டல் என்பதெல்லாம் பழைய கதை போலிருக்கிறது என்று நினைத்து, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை ஏற்றிவிட்டேன். நல்லது செய்வதில் எனக்கு எப்போதுமே அவசரம்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வந்தது. 'மிகச் சிறப்பு' என்று ஒரு வரியும் வந்தது. சார் அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"எந்தப் படத்தைம்மா போட்ட?"

காட்டினேன்.

"இது எங்க வீட்டு மாடி."

எனக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும், "திருத்திடலாம் சார்," என்றேன். ஆப்பில் ஏற்றுவதற்குப் பொத்தான் இருந்தது, எடுப்பதற்கு இல்லை. திருத்த வேண்டுமானால் ஆணையர் ஒப்புதல் வேண்டும். ஆணையரோ அதற்குள் அந்தப் படத்தைத் தன் சாதனையாக மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார். "விடும்மா. ரெண்டு மாசம் போனா மறந்துடுவாங்க," என்றார் சார். பத்தொன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தவர், நம்பிக்கையோடுதான் சொன்னார்.

மறக்கவில்லை. இரண்டாம் வாரமே குறிப்பு வந்தது: 'புல்வெளியின் குறுக்கே ஒற்றையடிப் பாதை உருவாகியிருப்பது படத்தில் தெரிகிறது. உடனே வேலி அமைத்துப் படம் அனுப்பவும்.' அந்தப் பாதை அவர் மெனக்கெட்டுப் போட்டது. மனுஷன் புழங்கும் இடமென்று தெரிய வேண்டும் என்று ஸ்டேஷனுக்குக் குறுக்குவழியாக, புல்லைச் சுரண்டிச் சுரண்டி இரண்டு நாள் உழைத்திருந்தார். வேறு வழியில்லாமல் தீக்குச்சியைச் சீவி வேலி கட்டினார். படம் போனது. 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று பதில் வந்தது. அவருடைய பணிக்காலத்தில் தீர்க்கப்பட்ட முதல் குறை அது.

அடுத்து, 'பொதுமக்கள் பயன்பெறும் படம் தேவை' என்றார்கள். பெட்டியிலிருந்த பன்னிரண்டு பயணிகளை எடுத்துப் புல்லில் நிறுத்தினார். எல்லோரும் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்; ஆளுக்கொரு பெட்டியோடு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'வெளியூர் மக்களும் திரளாக வந்து பயன்பெறுவது பாராட்டுக்குரியது' என்று வந்தது.

இதற்கு நடுவில் ரயில்வேயிலிருந்து ஒரு கடிதம். படத்தின் மூலையில் தண்டவாளம் தெரிந்ததாம். 'மேற்படி பாதை எங்களுக்குச் சொந்தமானது. தங்கள் புல் எங்கள் எல்லைக்குள் மூன்றடி ஆக்கிரமித்துள்ளது.' ஆணையர் விடவில்லை. புல்தான் முதலில் இருந்தது, பாதை பிறகு வந்தது என்று காட்டமாகப் பதில் எழுதினார். கூட்டு ஆய்வு நடத்துவதாக முடிவானது. அதற்கான தேதி இன்னும் இரு தரப்பின் பரிசீலனையில் இருக்கிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் கறி வைப்பதே அதில்தான். வருஷக் கடைசியில், சிறந்த புல்வெளிக்கான கேடயம் நான்காம் வார்டுக்குக் கிடைத்தது. ஆணையர் மேடையேறி வாங்கிக்கொண்டார். சார் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாத்திரை விழுங்கியவர் போலக் கைதட்டினார்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காதான் என்னிடம் சொன்னார். "பலகைப் பக்கமே போக மாட்டேங்கிறார். பார்த்தாலே பயமா இருக்காம். நைலானைப் பார்த்து எதுக்குப் பயம்னு கேட்டா, திரையை இழுத்து மூடறார்."

கேடயம் கொடுத்தபிறகு ஆய்வு நடக்கும். எங்கள் நடைமுறை அப்படி. ஆய்வுக்கு வந்தவர் ஐம்பது வயது அம்மாள். கையில் அட்டை, அட்டையில் படிவம், படிவத்தில் முப்பத்தெட்டு கேள்விகள். பூங்காக் கதவைத் திறந்து நான்கடி நடந்தார். நின்றார். பொட்டலைப் பார்த்தார். பலகையைப் படித்தார். எங்களைப் பார்த்தார்.

"புல் எங்கங்க?"

நான் கையிலிருந்த கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். சார் நடுங்கவில்லை. ஒரு வருஷமாக நடுங்கி முடித்துவிட்டார் போலும்.

"இங்க இல்லம்மா. எங்க வீட்டுல இருக்கு. வந்தீங்கன்னா காட்டறேன். பத்து நிமிஷ நடை."

அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் வந்தார். வெயிலில் நின்று கேள்வி கேட்பதைவிட நடப்பது மேல் என்று தோன்றியிருக்கலாம். மாடியில் அக்கா அவசரமாகத் துணிகளை ஒதுக்கி, திரையை விலக்கினார். நானும் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஒரு மேடு, ஒரு சரிவு, அடியில் ஓடை. மேட்டில் காய்ந்து வெளுத்த புல், ஓடைக்கரையில் சணலைப் பிரித்து நட்ட கோரை. ஸ்டேஷன் சுவரோரம் மட்டும் வெட்டாமல் விட்ட உயரப் புல். யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல ஓரிடத்தில் புல் நசுங்கியிருந்தது.

அந்த அம்மாள் அட்டையை வைத்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கன்னம் பலகையில் படும்படி குனிந்தார். வெகுநேரம் எழவில்லை.

"இதுல களை இருக்கே," என்றார்.

"ஆமாம்மா. நான்தான் வச்சேன்."

"களையை எதுக்கு வைக்கிறீங்க?"

"களை இல்லன்னா புல்லுன்னு நம்ப மாட்டாங்க."

அவர் நிமிர்ந்து படிவத்தை எடுத்தார். முதல் கேள்வி: வார்டில் புல்வெளி உள்ளதா?

"இந்த வீடு எந்த வார்டுல வருது?"

"நாலாவது வார்டு."

"அப்ப இருக்குன்னுதானே எழுதணும்?" என்று எழுதினார். சராசரி உயரம் என்ற இடத்தில் அக்காவிடம் அளவு டேப் வாங்கி அளந்து, நாலு மில்லிமீட்டர் என்று குறித்தார். வெட்டப்படுகிறதா? 'தேவை எழவில்லை.' ஆடுமாடு தொல்லை? 'இல்லை.' முப்பத்தெட்டும் முடிந்ததும் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா, உண்மையை எழுதிடுங்க. நான் எது வந்தாலும் ஏத்துக்கிறேன்," என்றார் சார்.

"உண்மைதாங்க எழுதியிருக்கேன். புல் எங்க இருக்குன்னு கேக்கிற கேள்வி இதுல இல்ல. நானாச் சேர்க்க முடியாது." படியிறங்கும்போது திரும்பி, அக்காவிடம் மட்டும் மெதுவாக, "அந்த நசுங்கின இடம் ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

சாருக்கு ஆறவில்லை. மறுநாள் நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதி, நான் தடுக்கத் தடுக்கக் கேட்காமல், ஆணையர் அறைக்குள் போனார். படத்தைத் தவறாக ஏற்றியது நான் என்ற வரியை மட்டும் எழுதவில்லை. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஆணையர் நிதானமாகப் படித்தார்.

"நீங்க சொல்றது உண்மைன்னா, கேடயம் வாங்கின நான் யாரு?"

"உங்களைச் சொல்லலை சார்..."

"ஆய்வு பண்ணின அம்மா பொய்யா? மேலிடம் பொய்யா? நம்ம மேல வழக்குப் போடறேன்னு நிக்கிற ரயில்வே பொய்யா? இல்லாத புல்லுக்கா அவ்வளவு பெரிய துறை சண்டைக்கு வரும்?" பேசப் பேச ஆணையருக்கே புல்லின் மேல் நம்பிக்கை வலுத்துக்கொண்டு போனது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ரொம்ப உழைச்சுட்டீங்க. பத்து நாள் லீவு எடுத்துக்கோங்க," என்றார். நாலு பக்கக் கடிதத்துக்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தோம். தலைப்பு: 'விடுப்பு விண்ணப்பம்.'

லீவில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் அக்காதான் பேச்சை எடுத்தார். நான் கழுத்துப்பட்டி சரி செய்யப் போயிருந்தேன்.

"ஏங்க, இந்தப் பலகையில முதல்ல என்ன போட்டீங்க?"

"மண்ணு."

"அப்புறம்?"

"பசை."

"நிஜத்துல பசைன்னா தண்ணி. மண்ணும் தண்ணியும் கேட்டப்ப ஏன் குடுக்கல? புல்லு இல்லன்னு. இப்பத்தான் இருக்குன்னு எல்லாருமா கையெழுத்துப் போட்டுட்டாங்களே. இல்லாத புல்லுக்குக் கேடயமே குடுத்தவங்க, தண்ணி குடுக்க மாட்டாங்களா?"

சார் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். "பொய் சொல்லிக் கேக்கச் சொல்றியா?"

"நீங்க எதுக்குப் பொய் சொல்லணும்? பராமரிப்புன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. மிச்சத்தை அவங்களே சொல்லிக்குவாங்க."

எழுதினார். விருது பெற்ற புல்வெளியின் பராமரிப்புக்கு என்று மண்ணும் தண்ணீரும் கேட்டு ஒன்றரை வரி. பதினொரு நாளில் குழாயில் தண்ணீர் வந்தது. திறந்து பார்த்துப் பழக்கமில்லாததால் அது இரண்டு நாள் தானாகவே கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒன்பது லாரி வண்டல் மண் வந்து இறங்கியது. 'மேற்படி புல்லின் வேர்களைப் பாதிக்காதவாறு கொட்டவும்' என்று உத்தரவில் இருந்தது. லாரிக்காரர் பொட்டலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேரு எங்கண்ணே இருக்கு?" என்றார். "இனிமேதான்," என்றார் சார்.

காரையை ஒரு முழம் தோண்டினார்கள். பழைய அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் பாதி கிடைத்தது, உள்ளே மக்கிப்போன கோப்புகள். அவற்றையும் உரமாகச் சேர்த்துவிட்டார். எங்கள் கோப்புகளால் ஏதாவது வளர்ந்தது என்றால் அதுதான். விதை வாங்கவில்லை. ரயில் பாதை ஓரப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பெயர்த்து, அக்காவின் துணி மூட்டைப் பைகளில் கட்டிக் கொண்டுவந்து, சாணுக்கு ஒன்றாக நட்டார்கள். அக்கா நூல் பிடித்துக் காட்டினார். நானும் இரண்டு சனிக்கிழமை நட்டேன். படம் ஏற்றிய பாவத்தைக் கழுவ வேண்டாமா?

முதல் மாதம் எல்லாம் வாடியது. சார் காலையும் மாலையும் போய்க் குப்புறப் படுத்துப் பார்த்தார். இரண்டாம் மாதம் கணுவிலிருந்து வெள்ளையாக வேர் விட்டதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நாலாம் மாதம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது. சில இடம் அடர்த்தி, சில இடம் சொட்டை, பெஞ்சு காலடியில் உயரம், பிள்ளைகள் ஓடும் இடத்தில் குட்டை. தொட்டாற்சுருங்கியும் நெருஞ்சியும் அழையாத விருந்தாளியாக வந்து சேர்ந்தன. 'பொட்டல் சார்' என்று கூப்பிட வாயெடுத்த ஆட்கள், அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து, ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். பட்டம் மட்டும் மாறவில்லை. ஊருக்குப் பட்டம் சூட்டத்தான் தெரியும், கழற்றத் தெரியாது.

அந்த மாத அறிக்கைக்கு அவரே படம் எடுத்தார். அவரே ஏற்றினார். எனக்குப் பொத்தானைக் காட்டும் வேலை மட்டும்தான்.

மூன்றாம் நாள் இரண்டு நட்சத்திரம் வந்தது. கூடவே குறிப்பாணை: 'தங்கள் புல்வெளியின் தரம் வெகுவாகக் குறைந்துள்ளது. நிறம் சீராக இல்லை. வெளியூர்ப் பொதுமக்கள் எவரையும் காணவில்லை. இதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அளிக்கவும்.'

ஆணையர் அவரைக் கூப்பிட்டு, பழைய மாதிரியே ஒன்றை அனுப்பித் தொலைக்கக் கூடாதா என்று ஏறக்குறையக் கெஞ்சினார். சார் மறுத்துவிட்டார். அவர் கொடுத்த விளக்கம் என் கையால் தட்டச்சு செய்தது, அதனால் மனப்பாடம்: 'ஐயா, முன்பு அனுப்பிய புல் வளரவில்லை, அதனால் ஒழுங்காக இருந்தது. இது வளர்கிறது. நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்.'

யாரும் வரவில்லை. கேடயத்தைத் திரும்பக் கேட்டு ஆள் மட்டும் வந்தார். ஆணையர் மேஜையிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினோம். சாரைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பாதி விளக்கு எரிவதில்லை என்றும், அதற்கும் மாதா மாதம் படம் வேண்டும் என்றும் கேள்வி.

மாற்றல் உத்தரவு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, தைத்துத் தர வேண்டிய துணி ஒன்றுக்காக அக்காவைத் தேடிப் போனேன். இரண்டு பேரும் பூங்காவில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனால், அக்கா புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து என் உடுப்புக்குத்தான் ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். சார் பெஞ்சில் இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்காருவதற்குள் அக்கா, "ஐயய்யோ" என்று துள்ளி எழுந்து காலைத் தட்டிக்கொண்டார்.

"என்னாச்சுக்கா?"

"எறும்பு! கடிச்சுப் பிடுங்குது."

சார் பெஞ்சிலிருந்து குதித்து வந்தார். "எறும்பா? எங்க? எங்க உக்காந்திருந்த?" என்று அக்காவை ஓரமாகத் தள்ளிவிட்டு முழங்காலிட்டார். புல்லை இரண்டு விரலால் விலக்கி, கன்னத்தைத் தரையில் வைத்து உள்ளே பார்த்தார்.

"கடிச்சது எனக்கு," என்றார் அக்கா.

"கொஞ்சம் இரேன், வரிசையாப் போகுது," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.